ஐரோப்பா போகாத என் அம்மாவுக்கு

என் அழுத்தக்கார அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டாலும் நீ "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றுதான் சொல்வாய். அந்தப் பதிலை நம்பித்தான் இவ்வளவும் ஆனது.

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஒசூரில் புதிதாக என்ன என்று கேட்டால், சிப்காட் பக்கம் இன்னும் இரண்டு கம்பெனி வந்திருக்கிறது. நீ ரோஜா வாங்கப் போவாயே, அந்தத் தோட்டத்தில் பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு ரத்னம்மா உன்னைப் பற்றிக் கன்னடத்தில் பேச ஆரம்பித்து, தமிழுக்கு வந்து, அழுகையில் முடிக்கிறாள். உன் மாப்பிள்ளை லேத் பட்டறையும் வீடுமாக இருக்கிறார். நான் அக்கவுண்ட்ஸ் வேலையும் அப்பாவுமாக இருக்கிறேன்.

இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உனக்குப் பிடிக்காது. வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்று என்னை வளர்த்தவள் நீ. ஆனால் அது ஏற்கெனவே தாண்டிவிட்டது, அம்மா. அப்பாவிடம் எதைச் சொல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாயோ, அதை நான் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன், சொன்ன பிறகு அந்த மனுஷர் எப்படி இருக்கிறார் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்த ஆப்பிள்தான். அப்பா மெயின்டெனன்ஸில் இருந்த காலத்தில் புது மெஷினுக்காகக் கம்பெனி அவரை ஜெர்மனிக்கு டிரெயினிங் அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ரயிலில் போயிருக்கிறார். எதிர் சீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஆப்பிளை ஆளுக்குப் பாதியாக வெட்டித் தின்றுகொண்டு, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்களாம். திரும்பி வந்த அப்பா சாக்லெட்டைக்கூட அப்புறம்தான் எடுத்தார். முதலில் இந்தக் கதையைத்தான் சொன்னார். "ரிட்டையர் ஆனதும் உங்கம்மாவ இப்படி ஊர் ஊரா ரயில்ல கூட்டிட்டுப் போகணும்."

நீ திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த பேச்சை விடாமல் சொன்னாய். "பேசாம உக்காந்திருக்கதுக்கு அம்புட்டு தூரம் போகணுமாக்கும்? இங்கனயே உக்காந்திருக்கலாம்லா."

சொன்னாயே தவிர, அடுத்த வாரமே அந்தச் சாக்லெட் டப்பாவின் மூடியில் இருந்த மலைப் படத்தை வெட்டிப் பூஜை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாய். முருகனுக்குப் பக்கத்தில் பனிமலை. நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

ரிட்டையர் ஆகும்போது அப்பா பிளானிங் செக்‌ஷனில் இருந்தார் அல்லவா, அந்த வேலையை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ரயில் நேரமெல்லாம் பிரின்ட் எடுத்து வந்து, பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, அதன் முதுகில் சார்ட் போட்டார். பாரிஸ், சூரிச், வெனிஸ், ரோம், கடைசியில் அவர் டிரெயினிங் போன அந்தச் சின்ன ஊர். ரயிலுக்குப் பச்சை, ஹோட்டலுக்கு மஞ்சள், ஓய்வுக்கு நீலம். ஹாலில் டி.வி.க்கு மேலே அதை மாட்டியதும் வீடு கம்பெனி ஷாப் ஃப்ளோர் மாதிரி ஆகிவிட்டது. நடுவில் நிறைய இடம் காலியாக விட்டிருந்தார். எதற்கு என்று கேட்டாய்.

"பஃபர். சானமாவு காட்டுலருந்து யானை இறங்கிட்டா ராயக்கோட்டை பஸ் லேட் ஆகுதுல்ல? அந்த மாதிரி ஏதாச்சும் ஆனா சமாளிக்க."

"அங்கன யானை கிடையாதுல்லா. பின்ன எதுக்கு?"

அப்பா ஸ்கேலை எடுத்து இரண்டு இடத்தில் பஃபரைக் குறைத்தார். நானும் நீயும் சமையல்கட்டுக்குள் போய்ச் சிரித்தோம்.

உன் பங்குக்கு நீ ராகுகாலத்தைக் கொண்டுவந்தாய். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் பாரிஸிலிருந்து ஒரு வண்டி. "அந்த நேரத்துல நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்றுவிட்டாய். அங்கே பத்தரை என்றால் இங்கே மத்தியானம் இரண்டு மணி, அதனால் தோஷமில்லை என்றார் அப்பா. "அப்ப எந்த ஊரு ராகு கணக்கு, நம்ம ஊரு ராகுவா, அவங்க ஊரு ராகுவா?" என்று நீ கேட்டாய். இரண்டு பேரும் ஜோசியர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தீர்கள். இருக்கிற ஊரின் சூரிய உதயத்தை வைத்துத்தான் என்று அவர் சொல்லிவிட்டார். அங்கே கோடையில் ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், பகலை எட்டாகப் பிரித்தால் ராகுகாலம் இரண்டு மணி நேரம் வருகிறது என்று அப்பா கால்குலேட்டரில் போட்டுக் காட்டினார். "ராகுவுக்கே ஓவர்டைம் குடுத்திருக்காங்க பாரு" என்றார். அப்படியும் ஒவ்வொரு வண்டியையும் உனக்காக மாற்றினார், அம்மா. ஐரோப்பா முழுக்க ராகுகாலம் பார்த்து ரயில் ஏறப்போன தம்பதி நீங்கள் இருவராகத்தான் இருந்திருப்பீர்கள்.

பிறகு பெங்களூர் டிராவல் ஏஜென்ட் போன் செய்த நாள். ஆவணி மாதம். ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கேதான் இருந்தேன். நீ தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். காது சரியாகக் கேட்கவில்லை என்று அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வரும் கோடைக்குத் தேதி முடிவு செய்துவிட்டு அந்த ஆள் கேட்டான்: "அம்மாவுக்கு ஹெல்த் ப்ராப்ளம் ஏதாச்சும் இருக்கா சார்? ஆஸ்பத்திரி ரெக்கார்டு எதுனா இருந்தா இன்சூரன்ஸ்காரன் ரிஜெக்ட் பண்ணிடுவான். இன்சூரன்ஸ் இல்லைன்னா விசா இல்ல."

அப்பா உன் பக்கம் திரும்பினார். "உடம்புக்கு ஏதாச்சும் இருக்கா உனக்கு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

காலடியில் அரிவாள்மணை, முகத்தில் ஒன்றும் இல்லை. அப்போதே ஒரு மாதமாக உனக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷம் கழித்து ரத்தம் வந்தால் அது சரியில்லை என்று உனக்குத் தெரியாதா? உன் பெரியம்மா மகள் அப்படித்தான் போனாள். அந்தச் சாவுக்கு நீ போய்விட்டு வந்தவள்தானே?

அதற்கப்புறம்தான் அப்பா உனக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தார். அங்கேயெல்லாம் பெட்டியை நாமேதான் தூக்க வேண்டும், ஸ்டேஷனில் படி ஏறி இறங்க வேண்டும், பிராக்டீஸ் வேண்டும் என்றார். தினமும் விடிந்ததும் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் படி. சேலைக்குக் கீழே ஷூவும், தோளில் பையும், கொசுவத்தைத் தூக்கிப் பிடித்த கையுமாக நீ. முன்னால் வாட்சைப் பார்த்தபடி அப்பா. "பள்ளிக்கூடத்துப் பிள்ளையள மாதிரி என்னைய இழுத்துட்டுப் போறாரு" என்று எல்லோரிடமும் சலித்துக்கொண்டாய். லீவு நாட்களில் நானும் கூட வருவேன். பாதிப் படியில் நீ நின்றுவிடுவாய். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, கீழே ஊரைப் பார்ப்பாய். "உங்கம்மாவுக்கு வியூ பிடிச்சுப் போச்சு, சுவிட்சர்லாந்துல இவளைக் கிளப்புறது கஷ்டம்" என்பார் அப்பா.

தை மாதம் என் வீட்டில் வைத்து நீ விழுந்தாய். பொங்கல் முடிந்த மறுநாள், பாயிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாய். சேலை பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பெங்களூருக்குக் கொண்டுபோனோம். எத்தனை நாளாக என்று கேட்ட டாக்டரம்மாவிடம் "இப்பதான், பத்து நாளா" என்று வாய் கூசாமல் சொன்னாய். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது பத்து நாள் சமாசாரம் இல்லை, கர்ப்பப்பை வாயில் ஆரம்பித்து வெளியே பரவிவிட்டது, தொடக்கத்திலேயே வந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பேன் என்றார்.

அப்பா மருந்து வாங்கக் கீழே போனபோது உன்னிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாய்.

"ஆடி மாசத்துல இருந்து பட்டும் படாமயும் இருந்துச்சு. டாக்டர்ட்ட போனா எழுதி வச்சிருவாங்க. எழுதி வச்சா விடமாட்டான்னு அந்தப் பய சொன்னாம்லா. உங்கப்பா எத்தன வருசமா ஆசப்பட்டது. போயிட்டு வந்து காமிச்சுக்கிடலாம்னு இருந்தேன்."

நான் கத்தியிருப்பேன். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்ததால் கத்தவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அப்பாட்ட இத சொல்லிராத ஏட்டி. அவரு போட்ட பிளானாலதான் நான் இப்படிக் கிடக்கேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் பொழைக்க மாட்டாரு. என் மேல சத்தியம் பண்ணு."

சாகக் கிடக்கிறவள் மேல் என்ன சத்தியம்? ஆனாலும் செய்தேன். சித்திரையில் நீ போனாய். ரேடியேஷன் அறைக்கு வெளியே அப்பா அந்த மாதங்களைக் கழித்த விதத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. கடைசி வாரத்தில்கூட நீ அவரிடம், "வலியெல்லாம் இல்ல" என்றாய். எனக்கு உன் மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நீ போன பிறகு அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார். "ஏன் அவ முன்னாடியே சொல்லல?" என்னிடமும் கேட்டார். "அம்மாவுக்கே தெரியலப்பா. சில பேருக்கு அப்படித்தான், கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாதாம்" என்றேன். அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சார்ட்டைக் காட்டிச் சொல்வார். "கடைசி வருஷம் அவ எவ்வளவு சந்தோஷமா இருந்தா தெரியுமா? தினம் மலைக்கோயில் படி ஏறினா. நோயாளியா அது?" நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். அவர் சொன்னதும் பொய் இல்லையே. நீ சந்தோஷமாகத்தான் இருந்தாய். நானே பார்த்தேன்.

இருவர் சேர்ந்து போனால்தான் உங்களுக்காகப் பேசி வைத்திருந்த ரயில் பாஸ் செல்லும், ஒருவருக்குச் செல்லாது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டான். அத்துடன் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் புதுத் தாள் ஒட்டி, ஒரே ஆளுக்கு மறுபடி சார்ட் போட்டார். உனக்காக மாற்றிய வண்டிகளை அப்படியே வைத்துக்கொண்டார். வருஷம் திரும்பாமல் கடல் தாண்டக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சரி என்று காத்திருந்தார். அந்த ஒரு வருஷம் நேரத்துக்குச் சாப்பிட்டார், நடந்தார், பிரவுசிங் சென்டருக்குப் போனார். போகட்டும், இதைப் பிடித்துக்கொண்டாவது மனுஷர் எழுந்து நிற்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

உன் முதல் திதி முடிந்து சில நாளில் அந்த ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டான். நான் அப்பா வீட்டில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். அதே ஸ்பீக்கர், அதே கேள்வி.

"எனக்கென்ன தம்பி, கல்லு மாதிரி இருக்கேன். லேசா சுகர், மாத்திரையில கண்ட்ரோல்ல இருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா.

உன் வார்த்தை, அம்மா. அவருக்கு அது தெரியாமலே வாயில் வந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். சித்திரை வெயிலில், வீட்டுக்குள், கால் மேல் கால் போட்டு சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். நாலைந்து நாளாக அந்த வீட்டில் ஒரு நாற்றம். பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து எல்லாவற்றையும் நகர்த்திப் பெருக்கியிருந்தேன். எலி எதுவும் கிடைக்கவில்லை.

போனை வைத்ததும் கிட்டே போய்க் காலைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டார். விடாமல் சாக்ஸை உருவினேன். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் குழி. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பக்கத்து விரல் கறுத்திருந்தது.

"புது ஷூ கடிச்சிடுச்சு. வலியே இல்லம்மா. ஆறிடும்."

"வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இப்பப் போனா ரெஸ்ட்டுன்னு எழுதிடுவான் செல்வி. பேப்பர்ல ஏறிட்டா இன்சூரன்ஸ் போச்சு. போயிட்டு வந்து காட்டிக்கிறேன்."

கெஞ்சினேன். உன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். பட்டறையிலிருந்து ஓடிவந்தவரிடமும் அதையேதான் சொன்னார். கடைசியில் நான் வண்டிச் சாவியை எடுத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கம்மா ஆசைப்பட்டது இது. அந்த வயசுல ஒரு நாள் மூஞ்சி சுளிக்காம அத்தனை படி ஏறினா. எனக்கு ஒரு சின்னப் புண்ணு, இதுக்குப் போய் நான் பின்வாங்கணுமா?"

அப்போதுதான் சொன்னேன், அம்மா. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் அசைந்திருக்க மாட்டார். நீ சொல்லு, நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டு இவரையும் உன் பக்கத்துக்கே அனுப்பியிருக்க வேண்டுமா?

"அம்மாவுக்குத் தெரியும்பா. முதல்லருந்தே தெரியும். டாக்டர்கிட்ட போனா ட்ரிப் நின்னுடும்னு சொல்லாம இருந்தாங்க. போயிட்டு வந்து காட்டிக்கலாம்னு இருந்தாங்க. நீங்க இப்ப சொன்னீங்களே, அதே மாதிரி."

நான் பொய் சொல்கிறேனா என்று அப்பா என் முகத்தில் தேடினார்.

"எந்த மாசத்துலருந்து?"

"ஆடி."

ஷூ வாங்கியது ஆவணி என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அப்ப படி ஏறினதெல்லாம்?"

"ஆமாப்பா."

"நடுவுல நிப்பாளே. கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஊரைப் பார்ப்பாளே?"

நான் உருவிய சாக்ஸை மடிக்க ஆரம்பித்தேன்.

"சொல்லு."

"வலிப்பா. வலிச்சதாலதான் நின்னாங்க."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தார். உன் மாப்பிள்ளை போய்த் தாங்கிக்கொண்டார். அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "வண்டிய எடுங்க மாப்ள" என்றார். நேராகப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும், அதற்குமேல் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். இப்போது வீட்டில்தான் இருக்கிறார், கைத்தடியோடு. ஒருநாள் கட்டு மாற்றப் போனபோது டி.வி.க்கு மேலே சுவர் வெறுமையாக இருந்தது. சார்ட்டைக் கிழித்தாரா, எரித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிரின்ட் எடுத்த தாள்களும் இல்லை. ஐரோப்பா என்ற பேச்சே அந்த வீட்டில் இல்லை.

நீ பயந்த மாதிரி அவர் சாகவில்லை. ஆனால் பிழைத்திருக்கிறார் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. உன் கடைசி வருஷத்தைப் பற்றி இப்போது அவர் யாரிடமும் பேசுவதில்லை. அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதை நான் பிடுங்கிவிட்டேன். ஒரு நாள் கட்டு மாற்றும்போது, "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். இன்னொரு நாள், "நீ அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். இரண்டுக்கும் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? ரத்னம்மா தினமும் அவருக்கு ராகிக் களி கொண்டுவந்து கொடுக்கிறாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "ஹேளித்து ஒள்ளேதாய்த்து கண்ணு, சொன்னதுதான் நல்லது" என்று இரண்டு பாஷையிலும் சொன்னாள். நான் இன்னும் எந்தப் பாஷையிலும் நம்பவில்லை.

நீ யாரைக் காப்பாற்றினாய், அம்மா? ரயில் போனால் இன்னொரு ரயில் வரும் என்று அவருக்கு வாழ்நாள் முழுக்க அட்டவணை போட்டுத்தான் பழக்கம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ட்ரிப்பையே தள்ளிவைத்துவிட்டு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டாரா? அது உனக்குத் தெரியவில்லையா, இல்லை, தெரிந்ததால்தான் சொல்லவில்லையா?

போன வாரம் வேலை முடிந்து நேராக அங்கே போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அப்பாவின் குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லை. உன் போட்டோவுக்கு முன்னால் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். உன்னை ஒரு நாளும் 'டி' போட்டுப் பேசாத மனுஷர், அம்மா. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொன்னா என்னடி? நான் என்ன ரயிலையா கட்டிக்கிட்டேன்? உன்னைத்தானேடி கட்டிக்கிட்டேன்."

அப்புறம் அழுதார். சுடுகாட்டில்கூட அழாதவர், சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவர் அழுது முடிக்கும் வரை நான் உள்ளே போகவில்லை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே நின்றேன். அதற்குப் பிறகு கதவைத் தட்டினேன். திறந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தானாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அம்மா. உன் டாக்டரம்மா அன்றைக்கு என்னையும் சோதனை செய்துகொள்ளச் சொன்னார். வரும் திங்கட்கிழமை போகிறேன். ராகுகாலம் பார்க்காமல் போகிறேன். என்ன வந்தாலும் அன்றைக்கு மாலையே அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்துச் சொல்வேன். அவருக்குத் தாங்காது என்று இனிமேல் நான் முடிவு செய்யப் போவதில்லை. நீயே வந்து மறுபடி சத்தியம் கேட்டாலும் செய்ய மாட்டேன்.

உன்னைத் திட்டிக்கொண்டே உனக்காக அழும்,
உன் ஒரே மகள்
செல்வி